'குட்டி ஸ்டோரி' நெய்வேலி ரெய்டுக்குப் பதில் அல்ல

"நம்ம ஊர்ல ரெய்டு நடந்துச்சுல்ல, அதுக்குப் பதிலாப் போட்ட பாட்டுதான் குட்டி ஸ்டோரி." நெய்வேலி டவுன்ஷிப்பில் 'மாஸ்டர்' படப் பேச்சு வந்தால் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். ஊர்ப்பாசத்தில் சொல்வது புரிகிறது. ஆனாலும் இதை ஏற்க முடியாது.

தேதிகளைப் பாருங்கள். 2020 பிப்ரவரி 5 அன்று நெய்வேலி என்.எல்.சி. சுரங்கத்தில் நடந்த 'மாஸ்டர்' படப்பிடிப்புக்கே வந்து வருமான வரித்துறையினர் நடிகர் விஜய்யைச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். மறுநாளும் விசாரணை. அது முடிந்ததும் அவர் நேராக வந்தது நெய்வேலிப் படப்பிடிப்புக்கு. 14ஆம் தேதி பாட்டு வெளியாகிவிட்டது. மெட்டு, வரிகள், விஜய்யின் குரல் பதிவு, மிக்ஸிங், போதாததற்குக் கார்ட்டூன் விஜய் ஆடிப்பாடும் லிரிக் வீடியோ. இத்தனையும் ரெய்டுக்குப் பிறகு, நாயகன் விசாரணையிலும் படப்பிடிப்பிலும் இருந்த ஒன்பது நாளுக்குள் தொடங்கி முடிந்தன என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

"பாட்டில் வெறுப்பைக் கண்டுகொள்ளாதே என்கிறாரே, அது யாருக்காம்?" என்பார்கள். ஆடியோ விழா மேடையில் குட்டிக்கதை சொல்லிப் புத்தி சொல்வது விஜய்யின் பழைய வழக்கம். 2019 'பிகில்' விழாவிலும் சொன்னார். அந்த வழக்கத்தைப் பிடித்து எழுதியவர் 'நெருப்புடா' பாட்டைத் தந்த அருண்ராஜா காமராஜ், இசை அனிருத். அதிகாரிகளின் சோதனைதான் பாட்டைப் பெற்றெடுத்தது என்பது இந்த இருவரின் உழைப்பையும் மறைக்கிறது. எனக்குப் பெரிய வருத்தம் இதில்தான்.

வெளியிட்ட நேரத்தையும் காரணம் காட்டுகிறார்கள். படம் ஏப்ரலில் வருவதாக இருந்தது. காதலர் தினத்தில் முதல் பாட்டை விடுவது சாதாரண விளம்பரக் கணக்கு. கொரோனாவால் படம் 2021 பொங்கலுக்குத் தள்ளிப்போனது பிற்பாடு நடந்தது.

கேட்டவர்கள் அந்தப் பாட்டில் ரெய்டை நினைத்துக்கொண்டது உண்மை. அது கேட்பவரின் உரிமை. எழுதியவரின் நோக்கமாக அதை மாற்றிச் சொல்வதுதான் தவறு.

நெய்வேலியில் விஜய் தந்த பதில் வேறு, அது பாட்டே இல்லை. சுரங்கத்தில் படப்பிடிப்பு கூடாதென்று பா.ஜ.க.வினர் போராடினார்கள், ரசிகர்கள் வாசலில் திரண்டார்கள். அவர் வேன் மேல் ஏறி, முதுகுக்குப் பின்னால் அத்தனை கூட்டமும் தெரிய ஒரு செல்ஃபி எடுத்தார். பிப்ரவரி 10 அன்று நெய்வேலிக்கு நன்றி சொல்லி அதை ட்விட்டரில் வெளியிட்டார். ஊருக்குப் பெருமை வேண்டுமென்றால் அந்தச் செல்ஃபியைச் சொல்லுங்கள். 2020இல் இந்தியாவில் அதிகம் ரீட்வீட் ஆன பதிவு அதுதான் என்று ட்விட்டர் நிறுவனமே அறிவித்தது.