கப்பல் ஓட்டியவரிடம் எவரும் கேளாத பாடங்கள்

தொழில் நடத்தி வென்றவர் தம் வெற்றியிலிருந்து உலகுக்குப் பாடம் சொல்லும் நூல்வகை ஒன்று தமிழில் நன்கு வேரூன்றிவிட்டது. புத்தகக் கண்காட்சிக்குச் செல்லும் எவரும் அந்த அட்டைகளை அறிவர். மேல்நோக்கிய ஓர் அம்பு, ஓர் ஏணி, கோட்டு அணிந்து கைகட்டி நிற்கும் ஒரு மனிதர். உள்ளே தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, ஆளுமை வளர்ச்சி ஆகிய மூன்று சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறி அமர்ந்திருக்கும். இலக்கியம் வாசிப்போர் இவற்றைக் கண்டு முகஞ்சுளித்து அடுத்த அரங்கிற்குப் போய்விடுவதே வழக்கம். அது போதாது என்பது நம் கருத்து. இவற்றை வாசிக்க வேண்டும். வாசித்து மறுக்க வேண்டும். கடன் வாங்கித் தொழில் தொடங்கப் போகும் இளைஞர் அதற்கு முந்தைய வாரம் வாசிப்பது நாவலை அன்று, இவற்றைத்தான்.

இந்நூல்களின் கதையமைப்பு ஒன்றே. வெறுங்கையோடு தொடங்குதல்; விழுதல்; எழுதல்; எழுந்தபின் பாடம் சொல்லுதல். இவற்றுள் விழும் பகுதி அரைப்பக்கத்தைத் தாண்டாது. அந்த அரைப்பக்கத்தில்தான் மற்ற மனிதர் அனைவரும் வந்து போவர். மூன்று மாதச் சம்பளம் கிடைக்காத பணியாளர், கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுக் காத்திருந்த வியாபாரி, ஜாமீன் கையெழுத்திட்ட நண்பர், தாலி நீங்கலாக அனைத்தையும் கழற்றிக் கொடுத்த மனைவி. நகை அடகுக்கடைக்குப் போயிற்று என்று ஒரு வரி இருக்கும். மீண்டதா என்ற வரி இராது. அடுத்த பக்கத்தில் ஆசிரியர் எழுந்துவிடுவார். தோல்வியே என் ஆசான் என்பார். அந்த ஆசானுக்குரிய கட்டணத்தைக் கட்டியவர் வேறு யாரோ என்பது அவர் நினைவுக்கு வராது.

தொழில் ஒருவரை வளர்க்காது என்று நாம் சொல்லவில்லை. மாதக்கடைசியில் பத்துப் பேருக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தவருக்கு, வேறெங்கும் வாராத ஒரு நிதானம் வரக்கூடும். ஆயின் 'தொழில் நடத்தி நான் வளர்ந்தேன்' என்பது பாதி வாக்கியம். எவர் செலவில் என்பது மறுபாதி. அம்மறுபாதியை எழுதாத நூல் தலைமை பற்றிய நூலாகாது என்பதே நம் வாதம்.

* * *

முதலில், பாடம் சொல்ல அழைக்கப்படுவோர் யாவர் என்று பார்ப்போம். வென்றவர் மட்டுமே. அமெரிக்காவின் ஜிம் காலின்ஸ் 2001-இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்' இவ்வகை நூல்களுள் மிகுந்த உழைப்பில் உருவானது. 1,435 நிறுவனங்களைச் சலித்து 11 நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை உயர்த்திய தலைமையின் இலக்கணத்தை வகுத்தார் அவர். அப்பதினொன்றுள் ஒன்றான சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் திவாலாகி, மறு ஆண்டில் தன் கடைகளை எல்லாம் மூடியது. மற்றொன்றான ஃபேனி மே 2008 செப்டம்பரில் அரசின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. நூல் எழுதியவர் பொய் சொன்னார் என்பதன்று நம் குற்றச்சாட்டு. வெற்றி இருக்கும்வரை 'உறுதி' எனப்படும் குணமே, அது போனபின் 'பிடிவாதம்' எனப்படுகிறது. முடிவு தெரிந்தபின் குணத்துக்குப் பெயர் சூட்டுவதை ஆராய்ச்சி என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

இந்தியாவிலேயே சான்று உண்டு. சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்திற்கு 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்திற்கான விருது கிடைத்தது. நான்கே மாதத்தில், 2009 ஜனவரி 7-ஆம் நாள், அதன் தலைவர் ராமலிங்க ராஜு சுமார் 7,000 கோடி ரூபாய் அளவுக்குக் கணக்கைத் திரித்ததைத் தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அந்த நான்கு மாதங்களுக்குள் எவரேனும் அவரிடம் தலைமைப் பாடம் கேட்டு நூலாக்கியிருந்தால், அந்நூலும் இதே ஏணி அட்டையோடுதான் வந்திருக்கும். உள்ளே இருக்கும் அறிவுரைகளில் ஒரு சொல்லும் மாறியிராது.

திருக்குறளுக்கு இவர்கள் செய்வது இன்னும் வருத்தம் தருவது. பொருட்பாலின் அரசியலைத் திறந்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களையும் எடுத்துக்கொள்வர். சந்தையை அறிக, தருணத்தை அறிக, போட்டியாளரை அறிக என்று உரை சொல்வர். அதே அரசியலில் ஐம்பத்தாறாம் அதிகாரம் கொடுங்கோன்மை. ஐம்பத்தேழாம் அதிகாரம் வெருவந்த செய்யாமை. ஆள்பவன் தன் கீழுள்ளோரை வருத்துவது பற்றியும் அச்சுறுத்துவது பற்றியும் இருபது குறள்கள். மேலாண்மைக் குறளுரைகளில் இவ்விரு அதிகாரங்களையும் தேடித் தேடி நாம் களைத்திருக்கிறோம். வள்ளுவர் அரசனை எச்சரிக்கிறார். இவர்களோ அவரை அரசனுக்கு ஆலோசகராக நியமித்துவிடுகின்றனர்.

* * *

வென்றவர் போகட்டும். தமிழ்நாட்டில் தொழில் தொடங்கித் தோற்றவர்களுள் மிகப் புகழ்பெற்ற ஒருவரிடம் செல்வோம். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால் அவரை ஒரு கம்பெனி நடத்தியவராக நாம் நினைப்பதில்லை. செக்கு நினைவிருக்கிறது, 1961-இல் வந்த திரைப்படம் நினைவிருக்கிறது, பங்குப் பத்திரம் நினைவில் இல்லை.

சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் நிறுவிய அதே தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். வ.உ.சி. வகித்த பதவி உதவிச் செயலாளர். தலைமைப் பண்பு பற்றிப் பேசுவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே: ஊர் ஊராகப் பங்கு விற்றவரும், பம்பாய் வரை அலைந்து கப்பல் தேடியவரும் தலைவர் என்னும் நாற்காலியில் அமரவே இல்லை.

எதிரே நின்றது தூத்துக்குடி-கொழும்பு வழித்தடத்தைத் தன்வசம் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களை ஓட்டியது. எதிரியின் நெருக்குதலால் வாடகை தந்தவர் பின்வாங்கினார். ஆகவே சொந்தக் கப்பல் தேவைப்பட்டது. 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. காலியாவில் மட்டும் 1,300 சாதாரணப் பயணிகள் செல்லலாம்; 4,000 மூட்டைகள் ஏற்றலாம். எதிரி கட்டணத்தைக் குறைத்தான். பின்னர் இலவசமாகவே ஏற்றிச்செல்லவும், மேலே ஒரு குடை தரவும் முன்வந்தான் என்று சொல்லப்படுவதுண்டு. நட்டத்தைத் தாங்கும் வயிறு பெரிய கம்பெனிக்கு இருந்தது. சிறிய கம்பெனியின் நட்டமோ 25 ரூபாய் கொடுத்தவனின் நட்டம்.

இந்நிலையில்தான் 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலையை நடத்திய ஹார்வி நிறுவனமே எதிரிக் கப்பல் கம்பெனியின் உள்ளூர் முகவர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றனர். ஒரு வாரத்துக்குச் சற்றுமேல் நீடித்த போராட்டத்தின் முடிவில் நிர்வாகம் இறங்கிவந்தது, ஊதியம் உயர்ந்தது. மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. நடத்த ஆளில்லாத கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. கப்பல்கள் கை மாறின. அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தேசபக்தர் இதைக் கேட்கமாட்டார். தலைமைப் பாடம் எழுதுபவருக்கோ இது கண்ணில் படவே படாது. பங்குதாரர் பணத்தில் கப்பல் ஓட்டும் ஒருவர், வேறொரு ஆலையின் தொழிலாளருக்காக அரசின் சினத்தைத் தம் கம்பெனியின்மேல் வரவழைக்கலாமா? மேலாண்மை நூலிடம் விடை தயாராக இருக்கும்: கூடாது, ஒரு குறிக்கோளில் நில், கவனத்தைச் சிதறவிடாதே. ஆனால் அந்தப் பங்குகள் விற்றதே சுதேசியம் என்னும் அரசியலின் பெயரால்தான். ஆலைத் தொழிலாளரைக் கைவிட்டு மூலதனத்தைக் காத்திருந்தால், மக்கள் அதில் ஏறுவதற்கான காரணமே போயிருக்கும். மறுபுறம், அரசியல் எதுவும் வேண்டாத வணிகர் ஒருவரின் பணமும் அக்கப்பலில் இருந்திருக்கும். அவர் நட்டம் பொய்யன்று. இரண்டும் உண்மை. இரண்டுக்கும் இடையே நின்று முடிவெடுத்து, முடிவின் விலையில் பெரும்பங்கைத் தாமே கொடுப்பதற்கு அன்றோ தலைமை என்று பெயர்?

வ.உ.சி. கொடுத்தார். வழக்குரைஞர் உரிமம் போயிற்று. பின்னாளில் அது மீண்டாலும் வசதி மீளவில்லை. விடுதலைக்குப் பின் நண்பர்களின் கைப்பணத்தை எதிர்பார்த்து வாழ்ந்த ஆண்டுகள் உண்டு. 1936 நவம்பர் 18-ஆம் நாள் கடன் தீராமலேயே இறந்தார். தொழிலால் அவர் 'வளர்ந்தாரா' என்று கேட்பதற்கே நமக்கு நாக் கூசுகிறது.

* * *

தன்னம்பிக்கை நூல்களின் ஆதரவாளர் இங்கே நம்மை மடக்கக்கூடும். தமிழுக்கு அவ்வகை நூல்களைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் வ.உ.சி.யே அல்லவா என்பார். ஆம். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலனின் நூல்களைச் சிறைக்காலத்திலும் அதன் பின்னரும் அவர் தமிழாக்கினார். 'மனம் போல வாழ்வு' அவருடையது. 1914-இல் வந்த 'அகமே புறம்' அவருடையது. மனிதனின் புறநிலையை அவனது எண்ணமே உருவாக்குகிறது என்பது ஆலனின் அடிப்படைக் கொள்கை. கம்பெனியைப் பேரரசு ஒன்று நசுக்கக் கண்ட மனிதர், அகமே புறம் என்று எழுதினார். இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்கலாம்.

நாம் மறுக்கவில்லை, யார் யாரிடம் சொன்னது என்று பார்க்கச் சொல்கிறோம். சிறையிருந்தவர் அதைத் தமக்குச் சொல்லிக்கொண்டார். புறத்தே இருந்த யாவும் பறிபோனபின் பறிக்க முடியாத ஒன்றைப் பற்றிக்கொள்ளும் முயற்சி அது. அதே வாக்கியத்தை ஊதியம் தராத முதலாளி தம் ஊழியரிடம் சொன்னால் அதன் பொருள் என்ன? உன் வறுமைக்கு உன் எண்ணமே காரணம், என் கணக்குப் புத்தகமன்று. கைதியின் வாயில் பொறுமையாக இருந்த கொள்கை, எசமானின் வாயில் பழியாகிவிடுகிறது. கொள்கை மாறவில்லை, சொல்பவரின் இடம் மாறிவிட்டது. ஏணி அட்டை நூல்கள் செய்வது இந்த இடமாற்றமே.

மேலும் ஒன்று. அகமே புறம் என்று எழுதிய அதே கை, 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தது. வாழ வழியில்லாத நாளிலும் பழைய உரை ஒன்றைத் தேடிப் பாடம் பார்த்து அச்சேற்றிய உழைப்பை எந்த ஆளுமை வளர்ச்சி நூலும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. அதில் ஏணி இல்லையே.

* * *

ஆக, நாம் இவ்வகை நூல்களையே எரிக்கச் சொல்லவில்லை. கேட்பது மிகச் சிறியது. தொழிலிலிருந்து பாடம் சொல்ல வருபவர், அந்த அரைப்பக்கத்தைப் பத்துப் பக்கமாக விரித்து எழுதட்டும். விழுந்தபோது யாருக்கு எவ்வளவு தரவேண்டியிருந்தது, அதில் எவ்வளவு கொடுக்கப்பட்டது, எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுதட்டும். வேலையை விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று அவர்களையே கேட்டு எழுதட்டும். தம் திறமை எவ்வளவு, தந்தையின் நிலமும் சாதியின் தொடர்பும் வங்கி மேலாளரின் பரிச்சயமும் எவ்வளவு என்று பிரித்து எழுதட்டும். அப்படி ஒரு நூல் வருமாயின் அதை இலக்கிய அலமாரியிலேயே வைக்க நாம் முன்னிற்போம்.

அதுவரை, தொழில் தொடங்க நினைக்கும் இளைஞருக்கு நாம் பரிந்துரைப்பது வேறு. சுதேசிக் கம்பெனியின் வரலாற்றை வாசியுங்கள். ஆ.இரா.வேங்கடாசலபதி நெடுங்காலம் உழைத்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2023-இல் வந்திருக்கிறது. வெல்வது எப்படி என்பதை அந்த வரலாறு சொல்லித் தராது. பிறர் பணத்தையும் பிறர் உழைப்பையும் கையில் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சொல்லித் தரும். அதை அறிந்தபின் தொழில் தொடங்கினால், முதலில் திறக்கப்படும் புத்தகம் சம்பளப் பேரேடாக இருக்கும்.