சுகமாய் இருக்கிறியளோ?

தோழர்களே,

எங்கட ஆக்கள் தொலைபேசியை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சுகமாய் இருக்கிறியளோ?" அப்பா இதற்கு "ஓம்" எண்டு சொல்லி நான் கேட்டதில்லை. "ஏதோ இருக்கிறன்" எண்டுதான் சொல்லுவார். சீனி வருத்தம் வந்து 19 வருடம். பிரஷர் 15 வருடம். நாரி நோ அதற்கும் முந்தினது. ஆனால் அதே மனிதர், மே நடுப்பகுதியில் உறைபனிப் பயம் போனதும், காலையில் இன்சுலினைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, பேர்ண் நகர ஓரத்திலுள்ள தன்ர தோட்டத்துண்டுக்குப் போய்விடுவார். பின்னேரம் மிளகாய்க் கன்றுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்.

இவர் சுகமானவரா, வருத்தக்காரரா? இந்த மடலில் நான் கேட்க நினைக்கிற கேள்வி இதுதான். 80களிலும் 90களிலும் சுவிசுக்கு வந்த எங்கட பெற்றோரின் தலைமுறை இப்போது வரிசையாக 65ஐத் தொடுகிறது. அநேகமான வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ சமையலறை மேசையிலோ ஒரு மருந்துப் பெட்டி இருக்கிறது. இந்த வருத்தங்கள் மாறப்போவதில்லை. அப்படியென்றால் இனி அவையளுக்குச் சுகம் என்பது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 1948இலிருந்து ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. நோய் இல்லாதது மட்டும் நலம் இல்லை. உடல், உள, சமூக ரீதியான முழுமையான நல்வாழ்வே நலம் என்கிறது அது. சமூகத்தையும் சேர்த்துச் சொன்னது அந்தக் காலத்தில் பெரிய விசயம். ஆனால் "முழுமையான" என்ற சொல்லை வைத்து அளந்தால் என் அப்பா சாகும்வரை நலமில்லாதவர்தான். 2011இல் நெதர்லாந்து மருத்துவர் மக்டெல்ட் ஹியூபரும் சக ஆய்வாளர்களும் பிரித்தானிய மருத்துவ இதழில் வேறொன்றை முன்வைத்தார்கள். வாழ்வில் வருகிற சவால்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே நிர்வகிக்கும் ஆற்றல்தான் நலம் என்றார்கள். இந்த அளவுகோலின்படி, தோட்டத்துக்குப் போய் வருகிற அப்பா சுகமான மனிதர். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியும் வருகிறது. தன்னைத் தானே நிர்வகிக்க நேரம், காசு, மொழி, பயமில்லாத விசா எல்லாம் வேணும். அவற்றை யார் கொடுப்பது?

எங்கட சமூகத்தில் இந்தக் கேள்வி எழும்புவதில்லை. கலியாண வீட்டிலும் கோயிலிலும் கேட்பது ஒரே புத்திமதி: "சோத்தைக் குறையுங்கோ, நடவுங்கோ." அதில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதை. தெற்காசிய உடல்களுக்குக் குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வரும் ஆபத்து உண்டு. அதனால்தான் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23இலேயே கவனம் வேணும் என்றது. பொதுவான எல்லை 25. இந்த உடல்கள் இஞ்ச வந்து செய்த வேலைகளையும் பாருங்கோ. அகதிக் கோரிக்கையாளர்களுக்குத் திறந்திருந்த கதவுகள் பெரும்பாலும் ரெஸ்ரோறண்ட் குசினிகளும் துப்புரவு வேலையும்தான். பத்து மணித்தியாலம் நின்ற நிலையில் கோப்பை கழுவி, இரவு 12 மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, விடிய எழும்பி இரண்டாவது வேலைக்குப் போனவர்களிடம், "ஏன் உடற்பயிற்சி செய்யவில்லை?" எண்டு கேட்க எனக்கு வாய் வராது.

அந்த உழைப்பின் கணக்கு வயதான காலத்தில் எப்படி வருகிறது? ஆஹாஃபவ் ஓய்வூதியம் முழுதாகக் கிடைக்க 44 வருடப் பங்களிப்பு வேணும். 1990இல் 30 வயதில் வந்தவர் 2025இல் 65ஐத் தொடும்போது அதிகபட்சம் 35 வருடம்தான் கட்டியிருப்பார். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எங்கட அம்மாமாருக்கு இன்னும் மோசம். இரண்டாம் தூணான பென்சன் காசாவில் சேர, ஒரே முதலாளியிடம் வருடத்துக்கு 22,680 பிராங்குக்கு மேல் உழைக்க வேணும். இது 2025ஆம் ஆண்டுக் கணக்கு. மூன்று இடங்களில் சிறுசிறு கிளீனிங் வேலை செய்த அம்மா, கூட்டிப் பார்த்தால் அதைத் தாண்டியிருப்பா. ஆனால் ஒவ்வொரு முதலாளியும் அந்த எல்லைக்குக் கீழேதான் நின்றார்.

இதற்கு மேல் கிறாங்கன்காசா. பணக்காரருக்கும் கோப்பை கழுவுகிறவருக்கும் பிரீமியம் ஒன்று. பிரீமியத்தைக் குறைக்க விரும்பினால் 2500 பிராங் பிராஞ்சிஸ் எடுக்கலாம். அது சுகதேகிகளுக்கான கழிவு. மாதாமாதம் மருந்து எடுப்பவர் 300ஐத்தான் எடுக்க முடியும். ஆகக்கூடிய பிரீமியத்தையும் கட்டி, அந்த 300உக்கு மேல் வருடத்துக்கு 700 வரை தன் பங்கையும் கட்ட வேணும். 2024 யூன் 9இல், பிரீமியம் வருமானத்தின் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்ற முன்மொழிவு வாக்கெடுப்பில் தோற்றது. அதே வருடம் மார்ச் 3இல் 13ஆவது மாத ஓய்வூதியம் வென்றது. இரண்டிலும் சிவப்புக் கடவுச்சீட்டு இல்லாத எங்கட பெரியாக்களுக்கு வாக்கில்லை.

காசில்லாதவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஓய்வூதியம் வாழப் போதாதவருக்கு ஈஎல் என்கிற மேலதிகக் கொடுப்பனவு உண்டு. பிராஞ்சிசையும் மருத்துவச் செலவில் எங்கட பங்கையும் கூட அது திருப்பித் தரும். ஆனால் ப்ரோ செனெக்டுட்டெ அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, உரிமை இருந்தும் ஈஎல் எடுக்காத முதியோர் ஏறத்தாழ 2 லட்சத்து 30 ஆயிரம் பேர். எங்கட வீடுகளில் காரணம் வெட்கமும் பயமும். "சோசியல் எடுத்தால் விசாவைப் பறிப்பாங்கள்." இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. முன்பு 15 வருடம் இஞ்ச வாழ்ந்தவரின் சி விசாவைச் சமூக உதவியைக் காரணம் காட்டிப் பறிக்க முடியாது. 2019 ஜனவரியில் வந்த சட்டம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. ஆனால் ஈஎல் சமூக உதவி இல்லை. அது ஓய்வூதியத்தோடு சேர்ந்த சட்ட உரிமை. பி விசாவுக்கும் குடும்ப இணைவுக்கும் விதிகள் வேறு; அவையளுக்கு முதலில் ஆலோசனை வேணும். ஆனால் சி விசாவோடு 30 வருடம் உழைத்த ஒரு அன்ரி, இந்த இரண்டையும் ஒன்றெண்டு நினைத்து மருந்தைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது.

"கடைசிக் காலத்தை ஊரில கழிப்பம்" என்பவர்களுக்கும் ஒரு உண்மை இருக்கிறது. இலங்கைக்கும் சுவிசுக்கும் சமூகக் காப்புறுதி ஒப்பந்தம் இல்லை. இலங்கைக் குடியுரிமையோடு நிரந்தரமாகத் திரும்பினால் மாதாந்த ஆஹாஃபவ் வராது. கட்டிய பங்களிப்பை வட்டியில்லாமல் திருப்பி எடுக்கலாம், அவ்வளவுதான். சுவிஸ் குடியுரிமை இருந்தால் எங்கும் வரும். ஈஎல்லோ யாருக்கும் வெளிநாட்டுக்குப் போகாது. வெயிலில் முழங்கால் நோ குறைகிறது, சொந்த மொழியில் வைத்தியரோடு பேசலாம் எண்டு ஊருக்குப் போக விரும்புகிறவரின் சுகத்தை இப்படி ஒரு கடவுச்சீட்டுத் தீர்மானிக்கிறது.

மொழி எண்டதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குப் 11 வயது. வைத்தியரிடம் அப்பாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். "வருத்தமாய் இருக்கு எண்டு சொல்லு" என்றார். நான் "நோயாக இருக்கிறது" எண்டு ஜேர்மனில் சொன்னேன். வைத்தியர் எங்கே எண்டு கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மாதம்தான் ஊரில் அப்பம்மா செத்திருந்தா. விசா நிலைமையால் அவர் போக முடியவில்லை. எங்கட தமிழில் வருத்தம் எண்டால் நோயும்தான், துக்கமும்தான். எனக்கு அப்போது ஒன்றுதான் தெரிந்தது. நோயாளியின் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது. ஆனால் தகுதியான மொழிபெயர்ப்பாளரின் செலவை அடிப்படைக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. அதனால் இன்றும் அந்த வேலை பிள்ளைகளிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம்தான் விழுகிறது. எங்களில் பலர் பகலில் முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்குப் பராமரிக்கிறோம், பின்னேரம் வீட்டில் சம்பளமில்லாமல் அதையே செய்கிறோம்.

பெற்றோரைப் பார்ப்பது எங்கட கடமை எண்டு சொல்லி இதை வீட்டுக்குள் முடக்கிவிட வேண்டாம். இந்த வருடம் நாங்கள் மூன்று வேலைகளை எடுக்கலாம் எண்டு நினைக்கிறேன். ஒன்று, இரண்டிரண்டு பேராகப் போய், ஈஎல் படிவத்தைப் பெரியாக்களோடு இருந்து நிரப்புவது. இரண்டு, மருத்துவ மொழிபெயர்ப்பைக் காப்புறுதி ஏற்க வேணும் என்ற கோரிக்கையை மற்றக் குடியேறிகளோடும் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்து எழுப்புவது. மூன்று, வாக்குரிமை உள்ள நாங்கள், பிரீமியமும் ஓய்வூதியமும் வாக்குக்கு வரும்போது வாக்கில்லாத அவையளுக்காகவும் கடித உறையை ஒட்டுவது.

நான்காவது வேலைக்குக் கூட்டம் தேவையில்லை. இந்தக் கிழமை வீட்டில் "சுகமோ?" எண்டு கேட்பதோடு நிற்காமல், "என்ன செய்ய ஆசை, அதைச் செய்ய எது தடையாய் இருக்கு?" எண்டும் கேளுங்கோ. நான் கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, தோட்டத்துத் தண்ணி வாளியைத் தூக்கினால் நாரி பிடிக்குது, ஒரு நீளக் குழாய் இருந்தால் இன்னும் பத்து வருடம் செய்வேன் என்றார். குழாய் வாங்கியாச்சு. உங்கட வீட்டில் வந்த பதிலை எங்களுக்கு எழுதுங்கோ.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக