பல்கலைக்கழகக் கூட்டுறவு கொடையா?

உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொள்ளும் கூட்டுறவு, வளம் மிக்க நிறுவனம் வளம் குறைந்த நிறுவனத்துக்கு அளிக்கும் கொடையே என்னும் கருத்து கல்வித்துறையில் ஆழ வேரூன்றியுள்ளது. அறிவு செல்வம் மிகுந்த இடத்திலிருந்து குன்றிய இடத்துக்கே பாயும்; ஒப்பந்தம் கையொப்பமானதும் கூட்டுறவு உருவாகிவிடும்; செலவை ஏற்பவரே ஆய்வின் திசையை முடிவு செய்வது இயல்பு; உதவி நின்றால் அதைப் பெற்றவர் நிலைகுலைவர் என்னும் நான்கு கூற்றுகள் அக்கருத்தைத் தாங்கி நிற்கின்றன. மேற்குக் கென்யாவின் எல்டோரெட் நகரிலுள்ள மோய் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 1980களின் இறுதியில் தொடங்கி நீடித்துவரும் மருத்துவக் கல்விக் கூட்டுறவையும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் வரலாற்றையும் ஊன்றி நோக்கினால், இந்நான்கில் ஒன்றும் நிலைபெறாது என்பது விளங்கும்.

அறிவு ஒரு திசையிலேயே பாயும் என்பது முதற்கூற்று. இந்தியானா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம், நோயாளரின் விவரங்களைக் கணினியில் சேர்த்துவைக்கும் மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் துறையில் 1970களிலிருந்தே முன்னோடியாக விளங்கியது. எனினும் பெருநகர மருத்துவமனைகளுக்காக வடிவமைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டை, எல்டோரெட்டுக்கு அருகிலுள்ள மொசோரியோட் என்னும் ஊரின் சுகாதார நிலையத்துக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டுவர இயலவில்லை. வருகை, நோய், மருந்து ஆகியவற்றைத் தனித்தனிப் பேரேடுகளில் கையால் எழுதி, மாத இறுதியில் அவற்றைக் கூட்டி அரசுக்கு அறிக்கை அனுப்பிவந்த அந்நிலையத்தின் நடைமுறையை அங்கேயே இருந்து கற்ற பின்னரே, அதற்கேற்ற எளிய கணினிப் பதிவேடு 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பயனை அளந்து 2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, நோயாளர் நிலையத்தில் செலவிடும் நேரம் 22 விழுக்காடும், ஒவ்வொரு நோயாளருக்கும் பணியாளர் செலவிடும் நேரம் 58 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. அக்கட்டுரையின் முதலாசிரியர் மோய் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரோட்டிச் ஆவார். அங்குப் பெற்ற பட்டறிவு 2004இல் தொடங்கிய ஓப்பன்எம்ஆர்எஸ் என்னும் திறந்த மூல மென்பொருளுக்கு, அதாவது எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு, அடித்தளங்களில் ஒன்றாயிற்று; இன்று அது பல நாடுகளின் மருத்துவ நிலையங்களில் இயங்குகிறது. ஒரு சிற்றூர் நிலையத்தின் பேரேடுகளைப் புரிந்துகொள்ளாமல் இம்மென்பொருளின் வரலாற்றை எழுத முடியாது என்னும்போது, யார் யாருக்குக் கற்பித்தனர் என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை.

ஒப்பந்தமே கூட்டுறவு என்பது இரண்டாவது கூற்று. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இரு நிறுவனங்கள் சேர்ந்து செயற்பட விரும்புவதை எழுத்தில் தெரிவிக்கும் ஆவணம். பெரும்பாலும் அது எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. படம் எடுத்துக்கொண்டு கோப்பில் வைக்கப்பட்டபின் யாரும் திறந்து பாராத ஒப்பந்தங்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. எல்டோரெட்டில் கூட்டுறவை உயிர்ப்பித்தது, இந்தியானாவின் மருத்துவர் ஒருவரேனும் ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கி, கென்ய மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளரைப் பார்த்தும் மாணவர்க்குக் கற்பித்தும் வந்த ஏற்பாடாகும். எச்.ஐ.வி. தொற்று அங்குள்ள மருத்துவமனையின் படுக்கைகளை நிறைத்தபோது, ஏறத்தாழப் பத்தாண்டுப் பழக்கமும் அங்கேயே பயின்ற மருத்துவர்களும் ஏற்கெனவே இருந்தமையால், ஆம்பாத் என்னும் கூட்டுச் சிகிச்சைத் திட்டத்தை இரு பல்கலைக்கழகங்களாலும் 2001இல் தொடங்க முடிந்தது. நெருக்கடி வந்தபின் ஒப்பந்தம் எழுதத் தொடங்கியிருந்தால் அது நடந்திராது.

செலவை ஏற்பவரே முடிவு செய்வது இயல்பு என்பது மூன்றாவது கூற்று. நான்கினுள் மிகுந்த தீங்கு விளைப்பதும் இதுவே. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் மாதிரிகளையும் தரவுகளையும் திரட்டிக்கொண்டு திரும்பி, உள்ளூர் ஆய்வாளரின் பங்கைக் குறிப்பிடாமலே கட்டுரை வெளியிடும் வழக்கத்தை ‘ஹெலிகாப்டர் ஆய்வு’ என்று துறையினர் குறிப்பிடுவர். அவ்வாறு செய்யப்படும் ஆய்வு நேர்மையற்றது என்பதோடு அறிவியல் அளவிலும் நலிந்தது. ஏனெனில் எந்தக் கேள்வி அந்த மண்ணில் பொருளுடையது என்பதை அறிந்தவர் கேள்வியை வகுக்கும் இடத்தில் இருப்பதில்லை. இதனாலேயே எல்டோரெட் கூட்டுறவில் நோயாளர் நலன் முதலிலும் ஆய்வு அதன் பின்னும் வைக்கப்பட்டதோடு, ஆய்வுத் திட்டங்களில் கென்ய ஆய்வாளரும் பொறுப்பேற்கும் முறை பேணப்பட்டது. முடிவெடுக்கும் உரிமை ஒரு பக்கத்தில் குவிந்தால் பெயரும் பணமும் கூட்டுறவைக் காக்கமாட்டா என்பதற்கு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நிறுவிய யேல்–என்யூஎஸ் கல்லூரி சான்றாகும். 2011இல் நிறுவப்பட்டு 2013இல் முதல் மாணவரை ஏற்ற அக்கல்லூரியின் செலவைச் சிங்கப்பூர்த் தரப்பே ஏற்றது. 2021இல் அதை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்ததும் அத்தரப்பே. யேல் பல்கலைக்கழகம் அது தொடர்வதையே விரும்பியிருந்தும், கல்லூரி 2025இல் மூடப்பட்டது.

உதவி நின்றால் பெற்றவர் நிலைகுலைவர் என்பது நான்காவது கூற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை வளர்க்க ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1962 முதல் 1972 வரை சேர்ந்து உழைத்தன. 1963இல் அங்கு வந்துசேர்ந்த ஐபிஎம் 1620 கணினியைக் கொண்டு தொடங்கிய பயிற்சி, இந்தியாவில் கணினிக் கல்விக்கு வித்திட்டவற்றுள் ஒன்று. திட்டம் முடிந்து அமெரிக்கப் பேராசிரியர்கள் திரும்பிய பின்னும் கழகம் தளரவில்லை. அதன் நிர்வாகம் தொடக்கம் முதலே இந்தியர்களின் பொறுப்பில் இருந்தமை அதற்கு ஒரு காரணம். மேற்கு ஜெர்மனியின் துணையோடு 1959இல் தொடங்கப்பட்ட சென்னைக் கழகமோ, 2023இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் தன் வளாகத்தைத் திறந்தது. ஒரு காலத்தில் ஏற்ற கை மற்றொரு காலத்தில் பிறர் கையைப் பற்ற நீள்கிறது என்பதால், கொடுப்பவர், பெறுபவர் என்னும் பிரிவே நிலையானதன்று.

எனினும் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு இல்லை என்று இம்மறுப்பு கூறவில்லை. எல்டோரெட்டுக்குச் செல்லும் அமெரிக்க மாணவருக்கு எளிதாகக் கிடைக்கும் நுழைவிசைவு, எதிர்த்திசையில் பயணம் செய்யும் கென்ய மாணவருக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. ஆய்வுநிதியின் பெரும்பகுதியும் இன்றுவரை ஒரு பக்கத்திலேயே பிறக்கிறது. ஆனால் கூட்டுறவைக் கொடையாகக் கருதும் மனப்பான்மை, இந்த ஏற்றத்தாழ்வை இயற்கை நியதியாக ஏற்றுக்கொள்ளச் செய்கிறது. அதைக் கூட்டுப்பொறுப்பாகக் கருதும்போதோ, ஏற்றத்தாழ்வு இருதரப்பாரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய குறையாகக் கண்ணில் படுகிறது. ஆதலின் புதிய ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பமிட அமரும் துணைவேந்தர்கள், யார் எவ்வளவு தருவர் என்பதற்கு முன்னர், யார் எங்குத் தங்கிப் பணியாற்றுவர், கேள்விகளை யார் வகுப்பர், விலகும் முடிவை யார் எவ்வாறு எடுப்பர் என்னும் மூன்றுக்கும் விடை எழுதியாக வேண்டும். அவ்விடைகள் இல்லாத தாள், எத்துணைப் புகழ்வாய்ந்த முத்திரையைத் தாங்கியிருந்தாலும், மொசோரியோட்டின் பேரேடு ஒன்றுக்கு ஈடாகாது.