அம்மாவைத் திட்டாதீர்கள்



"உங்கள் பி.எஸ்.என்.எல். சிம்மின் கே.ஒய்.சி. நிறுத்தப்பட்டுள்ளது. 24 மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே இந்த எண்ணை அழைக்கவும்." டிராய் முத்திரையோடு இப்படி ஒரு அறிவிப்பு சில வருடங்களாகவே சுற்றுகிறது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இது போலி என்று சொல்லிவிட்டது. தனி ஆளின் எண்ணைத் துண்டிப்பது தங்கள் வேலையே அல்ல என்று டிராயும் சொல்லிவிட்டது. இருந்தும் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

"பேராசைப்பட்டால் இப்படித்தான்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதில் பரிசு எங்கே இருக்கிறது? முழுக்கப் பயம்தான். 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மரக்காணம் உப்பளத்துக்காரர்களுக்கு மழைக்கால நிவாரணம், முதியோர் பென்ஷன், எது வங்கியில் ஏறினாலும் தெரிவது அந்த ஒரு எண்ணில்தான். காஸ் பதிவதும் அதில்தான். அது போய்விடும் என்றால் எழுபது வயதுக்காரர் பதறமாட்டாரா? அரசாங்க முத்திரையைக் கண்டால் கையைக் கட்டி நின்று பழகிய தலைமுறை அது.

அழைத்தால் அவன் மரியாதையாகத்தான் பேசுவான். எனிடெஸ்க் மாதிரி ஒரு செயலியை ஏற்றச் சொல்வான். பிறகு, "பத்து ரூபாய் மட்டும் ரீசார்ஜ் பண்ணுங்கம்மா, சரியாயிடும்" என்பான். அதற்குள் நம் போன் திரை அவன் கண்முன் இருக்கும். நாம் தட்டும் எண்ணும் வருகிற ஓ.டி.பி.யும் அவனுக்குத் தெரியும். கணக்கு காலி.

கம்பெனியின் நிஜமான குறுஞ்செய்தி எழுத்துகளால் ஆன பெயரில் வரும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அழைக்கவே வேண்டாம். சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம்.

என் கோபம் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் மேல்தான். "போனை நோண்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று கத்துகிறீர்கள். அடுத்த முறை அம்மா உங்களிடம் சொல்லவே மாட்டார். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். உடனே 1930க்கு அழைத்தால் வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. பயந்து இரண்டு நாள் மறைத்தால் மீட்பது கடினம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, "எது வந்தாலும் முதல்ல எனக்குப் போன் போடும்மா, ராத்திரியானாலும் பரவாயில்ல, திட்டமாட்டேன்" என்று சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது தினசரி காலண்டர் அட்டையில் 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.