3.5 சதவீதத்துக்கு முன்னால் ஒரு 60 மதிப்பெண்



தனி இட ஒதுக்கீடு கேட்டு வீதியில் நின்றோம். 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியே கிடைத்தது. கிடைத்த இடத்தில் போய் உட்கார நம் பிள்ளைகள் தயாரா?

நெல்பேட்டையிலும் மேலூரிலும் ஜும்ஆ முடிந்து நிற்கும் இளைஞர்களிடம் 'குரூப் 4 எழுதினாயா தம்பி?' என்று கேட்டால், 'அதெல்லாம் சிபாரிசு இருந்தால்தான் ஹஜ்ரத்' என்று பதில் வருகிறது. இந்தப் பேச்சை விடுங்கள்! குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. 10ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் எல்லாம் இந்த ஒரே தேர்வில்தான்.

கதவு அடைபடுவது வேறு இடத்தில். 2021 டிசம்பர் அரசாணைக்குப் பின் தமிழ்ப் பகுதி கட்டாயம். 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காதவரின் மற்ற 100 விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். பொது அறிவில் புலியாக இருந்தும் பயனில்லை.

'நமக்குத் தெரியாத தமிழா?' என்று கீழமாசி வீதி வியாபாரி கேட்கலாம். பேசத் தெரியும் பாய், யார் இல்லை என்றது? உங்கள் கடைப் பையனிடம் மின்வாரிய நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து, படித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். ல, ள, ழ எங்கே தடுமாறுகிறது என்று அப்போது தெரியும். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான்.

2025 தேர்வுக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனுக்கு 15 கேள்விகள், எழுதும் திறனுக்கு 15, சொல்லகராதிக்கு 15. கணக்குப் போடுங்கள். 60 மதிப்பெண்ணுக்கு 40 சரியான விடை வேண்டும். இந்த மூன்றிலேயே 45 கேள்விகள் இருக்கின்றன! தலையங்கம், அரசுச் செய்தி, ஆவணம் ஆகியவற்றைப் படித்து விளங்குவதும், கலைந்த சொற்களை ஒழுங்குபடுத்தி வாக்கியமாக்குவதும்தான் கேட்கப்படுகின்றன. (40 விடை வாசலைத் தாண்ட மட்டுமே. வேலை கிடைக்க அதற்கு மேல் வெகுதூரம் போக வேண்டும். தமிழ் மதிப்பெண்ணும் தரவரிசையில் சேரும்.)

இதற்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் எதற்கு? 6 முதல் 10 வரையிலான தமிழ்ப் பாடநூல்கள், தினமும் ஒரு நாளிதழ், ஒரு நோட்டு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? 10ஆம் வகுப்பு முடிக்காத ஓதும் மாணவர்கள் முதலில் அதைத் தனித்தேர்வராக எழுதட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளே, இஷாவுக்குப் பின் மதரஸா கூடம் பூட்டித்தானே கிடக்கிறது? ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள். நன்றாகப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகள் தங்கள் தெருப் பெண்களுக்கு நடத்தட்டும். விளக்குத்தூண் ஜவுளிக்கடை முதலாளிகளே, தேர்வு எழுதும் பையனைத் தினம் இரண்டு மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள், சம்பளத்தில் பிடிக்காமல்.