காற்று அடித்துப் பார்த்தால் போதாது

சென்ற மாதம் எங்கள் ஷெட்டுக்கு ஒரு 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. நம் சென்னையிலேயே தயாரான 948 சிசி வண்டி. பதினைந்து கிலோமீட்டர் வரை நன்றாக ஓடும். பிறகு ஒரு மேம்பாலம் ஏறும்போது நாலு தடவை இருமிவிட்டு நின்றுவிடும். பானெட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

எங்களிடம் வருவதற்குள் கார்பரேட்டரை மூன்று பேர் பிரித்துக் கழுவியிருந்தார்கள். பெட்ரோல் பம்பின் டயாபிரம் இரண்டு முறை மாறியிருந்தது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது என்று ஒருவர் பம்புக்கு ஈரத்துணி சுற்றியிருக்கிறார். கடைசியில் டிக்கியில் இரண்டு துளை போட்டு எலக்ட்ரிக் பம்ப் மாட்டி, அதுவும் வேலைக்கு ஆகாமல் கழற்றியாகிவிட்டது.

இதில் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம். வண்டி பெட்ரோல் இல்லாமல் திணறினால் கை நேராகக் கார்பரேட்டருக்குத்தான் போகிறது. பெட்ரோல் புறப்படுவது டேங்கில் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது.

முதலில் டேங்க் மூடியைப் பார்த்தோம். மூச்சுத்துளை அடைத்திருந்தால் வண்டி நின்றதும் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போகும்; வண்டியும் உடனே சரியாகும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. அடுத்து, கார்பரேட்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி, எக்ஸாஸ்ட்டுக்கு எட்டாத தூரத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டோம். தீயணைப்பான் ஆள் கையிலேயே இருந்தது. ஃப்ளோட் சேம்பரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும். எதிர்ப்பில்லாத திறந்த வாயில் பம்ப் தன் முழு இழுப்பையும் காட்டிவிடும். பத்து விநாடி பளிச் பளிச்சென்று அடித்தது. பிறகு மெலிந்தது. பிறகு வெறும் நுரை.

பம்பின் இழுக்கும் பக்கத்தைத் தனி கேனுக்கு மாற்றி அதே சோதனையைச் செய்தோம். கடைசி வரை ஒரே சீராக அடித்தது. ஆக, பம்ப் நல்ல பம்ப். கோளாறு அதற்குப் பின்னால், டேங்க் பக்கம்.

"லைன்ல காத்து அடிச்சுப் பாத்தாச்சு சார், டேங்க்ல குமிழி வருது, சுத்தமா இருக்கு" என்றார் வண்டியோடு வந்த மெக்கானிக். அவர் சொன்னது உண்மை. நாங்களும் அடித்துப் பார்த்தோம், குமிழி வந்தது. ஆனால் காற்று போனது பம்பிலிருந்து டேங்குக்கு. பெட்ரோல் வருவதோ டேங்கிலிருந்து பம்புக்கு.

டேங்கையும் இரும்புப் பைப்பையும் இணைக்கும் சாண் நீள ரப்பர் ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்தோம். வெளியே புத்தம்புது கறுப்பு. உள்ளே அடுக்கு ஊறிப் பிரிந்து, நாக்குபோல ஒரு சதை தொங்கியது. பம்ப் இழுக்க இழுக்க அந்த நாக்கு எழும்பித் துவாரத்தை மூடும். இன்ஜின் நின்று இழுப்பு தணிந்ததும் மெல்ல விழுந்து வழிவிடும். எதிர்த்திசையில் காற்று அடித்தால் மடங்கிக்கொள்ளும். பத்து நிமிட மர்மம் இவ்வளவுதான். எலக்ட்ரிக் பம்பும் இதே ஹோஸ் வழியாகத்தான் இழுத்தாக வேண்டும். அதனால் என்ன செய்திருக்க முடியும்?

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கோளாறு கூடும் என்றே நினைக்கிறேன். பழைய வகை ரப்பரை எத்தனால் ஊற வைக்கும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெயரில்லாத ஹோஸை இனி எந்தப் பழைய வண்டியிலும் போடாதீர்கள். 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். பம்ப் டயாபிரமுக்கும் இதே கவனம் வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்ற விகிதம் இந்தக் கலவையில் சுமார் 13.5 ஆகிறது. பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்து வண்டி இழுக்காது. ஆனால் அது கிளம்பியதிலிருந்தே தெரியும். மிதித்து ஓட்டி, சற்று நேரம் கழித்து மட்டும் வருவது பெட்ரோல் வரத்துக் கோளாறு.

எலக்ட்ரிக் பம்பைப் பற்றி என் கருத்து இது: காரணம் தெரியாமல் அதை மாட்டக் கூடாது. ஹெரால்டின் பம்ப் கொடுப்பது இரண்டு பிஎஸ்ஐ அளவுதான். அதற்கு மேல் அழுத்தம் கொடுக்கும் பம்பை மாட்டினால் நீடில் வால்வு தாங்காது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும்.

புது ஹோஸ் போட்ட ஹெரால்ட் செங்கல்பட்டு வரை நிற்காமல் போய்த் திரும்பியது. அறுத்த ஹோஸை ஷெட் பலகையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். டிக்கியில் போட்ட அந்த இரண்டு துளைகளை அடைக்கத் தகர வேலைக்காரர் திங்கட்கிழமை வருகிறார்.