பெயரும் ஊரும் இழந்த காசு

பூநகரிப் பக்கம் ஜெயபுரத்தில், தெரிந்த ஒருவர் வீட்டில் ஒரு செப்புக் காசைப் பார்க்கக் கிடைத்தது. பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கியதாம். “ஐயா, இது நல்ல விலை போகுமோ?” என்று கேட்டார்.

ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’. யாழ்ப்பாண அரசின் சேது நாணயம் அது. சைவத்தையும் சேதுவின் காவலையும் தம் அடையாளமாகக் கொண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது.

காசில் அரசன் தன் நம்பிக்கையைப் பொறிப்பது உலக வழமை. பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன் தன் முதலாட்சியில் (685–695) தங்கக் காசின் ஒரு பக்கத்தில் கிறிஸ்துவின் முகத்தைப் பொறித்தான். மறுபக்கத்தில் தன்னைக் கிறிஸ்துவின் அடியவன் என்று எழுதுவித்தான். பைசாந்தியக் காசுகள் பலவற்றில் பட்டறையைக் குறிக்கும் எழுத்துக்கூட உண்டு. அச்சு வெட்டிய கைவினைஞனின் பெயர் மட்டும் இல்லை. எங்கள் நந்தியைச் செதுக்கிய கம்மாளனுக்கும் அதே கதிதான்.

அந்தப் பெயர்கள் இனி மீளப்போவதில்லை. ஆனால் காசு கிடைத்த இடத்தையாவது இழக்காமல் இருக்கலாம். சேது நாணயங்கள் இராமநாதபுரம் சேதுபதிகளுடையவை என்று ஒருகாலத்தில் கருதப்பட்டது. அவை யாழ்ப்பாண மன்னருடையவை என்று சுவாமி ஞானப்பிரகாசர் போன்றோர் நிறுவியபோது, அவை யாழ்ப்பாணத்தில் பெருமளவில் கிடைத்தமை வலுவான சான்றாயிற்று. இடம் தெரியாத காசு எதற்கும் சாட்சி சொல்லாது.

கண்டெடுத்ததை அறிவிக்கவேண்டும் என்கிறது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். வன்னியில் யார் அறிவிப்பார்? குருந்தூர்மலையில் நடந்தவற்றைக் கண்டவர்களுக்கு, தொல்பொருள் என்றாலே காணி பறிபோகும் என்ற அச்சம். அது காரணமற்ற அச்சமும் அல்ல. 2009க்குப் பின் மீளக்குடியேறி, கிணறு வெட்டி, வயல் திருத்தி வாழ்பவர்களுக்குக் காணியே உயிர். ஆகவே காசு மௌனமாகத் தராசுக்குப் போகிறது.

இதற்குத் தண்டனை மருந்தாகாது. ஒரு காசு கிடைத்ததற்காக எவருடைய காணியிலும் கைவைக்கப்படாது என்ற உறுதியை அரசு எழுத்தில் தரவேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தார் கிராமங்களுக்கு வந்து, மக்களின் முன்னிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்து வைக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் எங்கள் வரலாற்றுக்கு நட்டம்.

விலை கேட்டவரிடம், “எந்த ஊரில் எடுத்ததென்று வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கோ” என்றேன். கேட்டிருக்கிறார். வியாபாரிக்கு நினைவில்லையாம்.